பந்தியில் பெயர் கேட்பதில்லை

அப்பாவின் நினைவு நாளன்று வடலூர் தருமச்சாலைக்கு ஒரு மூட்டை அரிசி கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். கடலூரில் பஸ் ஏறினால் குறிஞ்சிப்பாடியைத் தாண்டியதும் வடலூர். போன முறை 25 கிலோ புழுங்கலரிசியை இறக்கிவைத்தபோது, ரசீது எழுதியவர் என் பெயர், ஊர், யார் நினைவாகக் கொடுக்கிறேன் என்ற விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பந்தியில் போய் உட்கார்ந்தேன். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு வலப்பக்கம் வடமாநிலத்துக் கட்டடத் தொழிலாளர்கள் மூன்று பேர். இடப்பக்கம் கால் வீங்கிய ஒரு பெரியவர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பரிமாறிய அம்மாள் வரிசையில் எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான்: “இன்னும் கொஞ்சம் வைக்கவா?” தமிழ் தெரியாத அந்த இளைஞர்களுக்கும் அது புரிந்தது.

கொடுக்கிறவனின் பெயரை ரசீதுக்காகக் கேட்டார்கள். உண்கிறவனின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. உலகச் சமயங்கள் எந்த இடத்தில் ஒன்றுபடுகின்றன என்ற கேள்விக்கு, நான் படித்த விளக்கங்களைவிட அந்தப் பந்தி தெளிவான விடை தந்ததாக நினைக்கிறேன்.

“எல்லா மதங்களும் ஒன்றைத்தான் சொல்கின்றன” என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் அது சரியில்லை. இசுலாத்துக்கு இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை. கிறித்தவம் அதே ஒருவனைத் தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்றாகக் காண்கிறது. சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்த கடவுள் என ஒருவரை ஏற்பதே இல்லை. இறந்தபின் மறுபிறவி என்று ஒரு சாராரும், இறுதித் தீர்ப்பு நாள் என்று இன்னொரு சாராரும் நம்புகிறார்கள். இவை மேலோட்டமான வேறுபாடுகள் என்று தள்ளிவிட்டால், அவற்றுக்காக வாழ்ந்தவர்களையும் செத்தவர்களையும் நாம் காதுகொடுத்துக் கேட்கவே இல்லை என்று பொருள்.

ஆகவே ஒற்றுமையைத் தேட வேண்டிய இடம் கடவுள் யார் என்ற கேள்வி இருக்கும் பக்கம் இல்லை. பக்கத்தில் இருப்பவனை என்ன செய்வது என்ற கேள்வி இருக்கும் பக்கம்.

இதற்கு எல்லோரும் முதலில் காட்டும் சான்று, “உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே” என்ற விதி. சீனத்தில் கன்பூசியசிடம் வாழ்நாள் முழுதும் பின்பற்ற ஒரே சொல் உண்டா என்று மாணவர் கேட்டபோது அவர் சொன்னது இதுதான். ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்துக்குள் யூதர்களின் திருநூலான தோரா முழுவதையும் கற்றுத்தர முடியுமா என்று கேட்டவனுக்கு யூத ஞானி ஹில்லேல், “உனக்கு வெறுப்பானதை உன் அயலானுக்குச் செய்யாதே, மற்றதெல்லாம் விளக்கவுரை, போய்ப் படி” என்றார். மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் பிருகஸ்பதி தருமனுக்கு இதைத்தான் சொல்கிறார். இயேசு மலைப்பொழிவில் சொன்னார். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவர் முழு நம்பிக்கையாளராக மாட்டார் என்று நபிகள் நாயகம் சொன்னார். வள்ளுவரோ “இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்” என்றார். 1993இல் சிகாகோவில் கூடிய உலகச் சமயங்களின் பாராளுமன்றம் பொது அறத்துக்கான பிரகடனம் ஒன்றை வெளியிட்டபோது, இந்த விதியைத்தான் அதன் நடுவில் வைத்தது.

பெருமைக்குரிய ஒற்றுமைதான். ஆனாலும் இது ஓர் அளவுகோல் மட்டும். பிறருக்குத் தீங்கு செய்யாதே என்பதை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டும் கடைப்பிடித்துவிடலாம். இதைவிட ஆழமான ஓர் ஒற்றுமை உண்டு. நம் மண்ணில் அதற்குத் தனி வரலாறே இருக்கிறது.

“பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல் நூலோர் தொகுத்தவற்றுள் எல்லாம் தலை.” 322ஆம் குறள். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இதன் பின்பாதியை நான் கவனித்ததே இல்லை. நூலோர் தொகுத்தவற்றுள் எல்லாம் தலை! பல நூல்களையும் எடுத்துவைத்துப் பார்த்து, அவையனைத்திலும் தலையாய அறம் எது என்று வள்ளுவர் தீர்ப்பே சொல்லிவிடுகிறார். எல்லா நூல்களிலும் நல்லவற்றை எடுத்து எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது இவருடைய இயல்பு என்று பரிமேலழகர் இந்த இடத்தில்தான் எழுதினார். சமய ஒப்பீடு என்று இன்று பல்கலைக்கழகங்களில் செய்வதை ஒன்றே முக்கால் அடியில் செய்து முடித்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் குறள் ஈகையிலோ விருந்தோம்பலிலோ இல்லை. கொல்லாமை அதிகாரத்தில் இருக்கிறது. உணவைப் பகிராமல் இருப்பதைக் கொலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் வள்ளுவர். அந்த வைப்பைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

பசியைப் பிணி என்று சொல்வது தமிழுக்குப் பழக்கம். சிறுகுடிகிழான் பண்ணனைப் பாடும் புறநானூற்றுப் பாட்டு அவனைப் ‘பசிப்பிணி மருத்துவன்’ என்கிறது. அவன் வீட்டிலிருந்து வரிசையாக வரும் சிறுவர்கள் கையில் சோற்றோடு நடக்கிறார்கள். மழைக்கு முன் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலம் தேடிப் போகும் எறும்புச்சாரை போல என்று உவமை. அந்த எறும்புகளைப் பார்த்த பிறகும் வழி கேட்கிறான் பசித்த பாணன்: மருத்துவன் வீடு பக்கமா, தொலைவா, சொல்லுங்கள் என்று. பாடியவன் ஒரு சோழ அரசன் என்பது கூடுதல் வியப்பு.

இதே சொல் பௌத்தத்தில் இருக்கிறது. ஆளவி என்ற ஊரில் புத்தர் பேச இருந்த அன்று, காணாமல்போன எருதைக் காலையிலிருந்து தேடி அலைந்த ஓர் ஏழை உழவன், ஒன்றும் உண்ணாமல் ஓடிவந்து சேர்ந்தான். புத்தர் அவனுக்காகக் காத்திருந்தார். வந்ததும் அறம் உரைக்கவில்லை; மிச்ச உணவு இருக்கிறதா என்று கேட்டு அவனை முதலில் உண்ணவைத்தார். பிறகுதான் பேசினார். துறவிகள் சிலர் முணுமுணுத்தபோது, பசியைப் போல் நோயில்லை என்றார். தம்மபதத்தின் 203ஆம் பாட்டுக்குப் பின்னணியாகச் சொல்லப்படும் கதை இது.

தமிழில் பௌத்தம் பாடிய மணிமேகலை அதே நோய்க்கு அமுதசுரபியை மருந்தாகக் கொண்டுவருகிறது. “உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே” என்ற அதன் புகழ்பெற்ற அடி புறநானூற்றிலும் அப்படியே இருக்கிறது. அங்கே பாண்டியனிடம் நீர்நிலைகளைக் கட்டு என்று குடபுலவியனார் வற்புறுத்தும் இடத்தில் வருகிறது. அரசனுக்கான நிர்வாக அறிவுரையாக நின்ற அடி, பௌத்த அறத்துக்குள்ளும் சொல் மாறாமல் நிற்கிறது. ஞானம் ஒரு சமயத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த வரிசையில்தான் வள்ளலார் என்று நாம் அழைக்கும் மருதூர் இராமலிங்கரை வைத்துப் பார்க்க வேண்டும். 1823இல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். வடலூர்ப் பகுதியான பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுக்க, 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பை அணையா அடுப்பு என்கிறோம். சத்திய ஞானசபை வழிபாட்டுக்குத் திறந்தது 1872 தைப்பூசத்தில். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் அடுப்பு, ஐந்தாண்டு கழித்துத்தான் சோதி. உழவனை முதலில் உண்ணவைத்த புத்தரின் வரிசையும் இதுவே.

ஏழையின் உடம்புக்குள் பற்றி எரியும் பசி நெருப்பை ஆகாரத்தால் அவிப்பதே சீவகாருணியம் என்று வள்ளலார் எழுதினார். பசித்தவர் எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், எந்தச் செய்கையார் என்று பேதம் விசாரிக்கக் கூடாது என்பது அவருடைய விதி. ‘எந்தச் செய்கையார்’ என்பதில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். சாதியும் மதமும் பார்க்காமல் சோறு போடுவேன் என்று சொல்லிவிடுவது எளிது. தப்பு செய்தவனுக்கும் போடு என்பது கடினம். அவரோ கொல்லாமையில் துளியும் விட்டுக்கொடுக்காதவர். கொலை புலை தவிர்த்தவர்களே உட்புக வேண்டும் என்ற விதி ஞானசபையில் இருக்கிறது. தருமச்சாலைக்கு அப்படி ஒரு விதி இல்லை. நம்பிக்கைக்கு ஒரு வாசலும் அதற்கொரு நிபந்தனையும் இருக்கலாம், பசிக்கு முன்னால் எந்த நிபந்தனையும் கூடாது என்று ஒரே மனிதர் ஒரே வளாகத்தில் கட்டிக்காட்டியிருக்கிறார். உலகச் சமயங்களின் ஒற்றுமையும் வேற்றுமையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களாக நிற்பதாகவே எனக்குத் தோன்றும்.

இனி மற்ற நூல்களுக்குப் போவோம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு பாடல், தனியாக உண்பவன் பாவத்தையே உண்கிறான் என்கிறது. தனக்காக மட்டும் சமைப்பவர்களைப் பற்றிக் கீதையின் மூன்றாம் அத்தியாயமும் அதையே சொல்கிறது. சமணம் உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்று நான்கு தானங்களைச் சொல்லும். ஆகாரமும் அபயமும் ஔடதமும் சாத்திரமும் என்பார்கள். சீக்கியர்களின் குருத்வாரா எதற்குப் போனாலும் லங்கர் என்ற பொதுப்பந்தி உண்டு. அரசனும் ஆண்டியும் தரையில் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். மூன்றாம் குரு அமர்தாஸ், முதலில் பந்தியில் அமர்ந்து உண்ட பிறகே தன்னைப் பார்க்கலாம் என்று முறை வைத்தார்.

விவிலியத்தின் லேவியராகமம் இன்னொரு வழி சொல்கிறது: அறுவடையில் வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. பண்ருட்டிப் பக்கத்துக் கொல்லைகளில் நிலக்கடலை பிடுங்கியபின் மண்ணில் விடுபட்ட காய்களைப் பொறுக்கிக்கொள்ள வரும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கொடுப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கும்பிட வேண்டியதில்லை. சேலை முந்தானையில் கட்டிக்கொண்டு போனால் போதும்.

நான் மிகவும் வியந்தது மத்தேயு நற்செய்தியையும் நபிமொழியையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான். “பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்” என்கிறார் இயேசு. எப்போது கொடுத்தோம் என்று கேட்டவர்களுக்கு, மிகச் சிறியவர் ஒருவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்கிறார். இமாம் முஸ்லிம் என்ற அறிஞர் தொகுத்த நபிமொழிகளில் மறுமை நாளில் இறைவன் கேட்பதாக வருகிறது: ஆதமின் மகனே, உன்னிடம் உணவு கேட்டேன், நீ தரவில்லை. நீயே அகிலத்தின் இறைவன், உனக்கு நான் எப்படி உணவளிப்பேன் என்பான் மனிதன். என் அடியான் இன்னார் உன்னிடம் கேட்டானே, அவனுக்குக் கொடுத்திருந்தால் அதை என்னிடம் கண்டிருப்பாயே என்பான் இறைவன். இறைவனுக்கு உருவமே கற்பிக்காத ஒரு சமயம், பசித்தவன் விஷயத்தில் மட்டும் இவ்வளவு நெருங்கி வந்து பேசுகிறது.

கொடுக்கும் முறையிலும் இந்த ஒத்த குரலைக் கேட்கலாம். வலக்கை செய்வதை இடக்கை அறியக் கூடாது என்கிறது மத்தேயு. மறுமையில் இறைவனின் நிழல் பெறும் ஏழு வகையினரில் ஒருவர், வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் தருமம் செய்தவர் என்கிறது நபிமொழி. உவமைகூட மாறவில்லை. ஒரே நிலப்பரப்பில் பிறந்த சமயங்கள், அதனால் சொல்லும் பொதுவாக இருக்கிறது என்று இதற்குக் காரணம் சொல்லலாம். ஆனால் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், துன்புறுத்தல் பின்தொடரும் தருமத்தைவிட இனிய சொல் மேல் என்னும்போது, நம் வள்ளுவர் “அகனமர்ந்து ஈதலின் நன்றே முகனமர்ந்து இன்சொலன் ஆகப் பெறின்” என்கிறார். இங்கே கடன் வாங்கியதற்கு வழியே இல்லை. அப்படியானால் இருவருக்கும் பொதுவாக இருந்தது எது? கை நீட்டி நிற்பவனின் கூச்சம் என்பேன். அது அரபு மண்ணிலும் தமிழ் மண்ணிலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். மகான்கள் அந்த முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

ரசீதில் அப்பாவின் பெயரைச் சொன்னபோது எனக்குள் இந்த வரிகள் ஓடின என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் எழுதப்படுவதில் எனக்கு மகிழ்ச்சி இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செயலில் இவ்வளவு ஒன்றுபட்டவர்கள் காரணத்தில் பிரிந்துவிடுகிறார்கள். இதுவும் நல்லதே என்பது என் கட்சி. இசுலாத்தில் ஜகாத் என்பது கொடுப்பவனின் பெருந்தன்மை ஆகாது. சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஏழையின் உரிமை. கிறித்தவருக்குப் பசித்தவன் கிறிஸ்துவின் முகம். வள்ளலாருக்கு அவன் ஆன்ம உறவினன். புத்தருக்கு நோயாளி. சீக்கியருக்குப் பந்தி என்பது உயர்வு தாழ்வை உடைக்கும் கருவி. எல்லாம் ஒன்றே என்று கலக்கிவிட்டால், இதில் ஒன்று மற்றொன்றுக்குக் கற்றுத்தரும் பாடம் போய்விடும். உரிமை என்ற சொல்லை ஜகாத்திடமிருந்து எடுத்துக்கொண்டால் நம் அன்னதானத்தில் ஒட்டியிருக்கும் தர்மப்பிரபுத் தோரணை கொஞ்சம் கரையும்.

கரைய வேண்டும். ஏனென்றால் இந்த ஞானத்தோடு கூடவே அதை மீறிய வரலாறும் நமக்கு உண்டு. ஆகஸ்டு 15 அன்று கோவில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. சமம் என்று ஒரு பந்திக்குத் தனிப்பெயர் வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு முன்பிருந்த பந்தி எப்படிப்பட்டது என்று நமக்கே தெரியும். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஒருகாலத்தில் சமணர்களின் பாடலிபுரம். தருமசேனர் என்ற பெயரில் அங்கிருந்த திருநாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்பியதும், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டதாகவும், கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்ந்ததாகவும் பெரியபுராணம் சொல்லும். அந்த இடம் இன்றும் கரையேறவிட்ட குப்பம்தான். பிறகு பல்லவ மன்னன் மனம் மாறிப் பாடலிபுரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களால் திருவதிகையில் கோவில் எடுத்தான் என்றும் அதே புராணம் சொல்கிறது. புதுச்சேரியில் 1748இல் வேதபுரீசுவரர் கோவில் பிரெஞ்சுக்காரர்களால் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நாலு வகைத் தானம் சொன்னவர்களும், அன்பே சிவம் என்றவர்களும், அயலானை நேசி என்றவர்களும் செய்தவை இவை. நூல்கள் ஒன்றுபட்டிருந்தன. அதிகாரம் கைக்கு வந்ததும் ஆட்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை.

புரட்டிய நாட்களும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டைக் கரை வரை கடல் ஊருக்குள் வந்து போனது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அண்டா வைத்துச் சமைத்து, வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு உணவளித்தார்கள். உண்டவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அந்தச் சமையலறையில் யாரும் ஒப்பீட்டுச் சமயவியல் பேசியிருக்க மாட்டார்கள். சோறு வெந்துவிட்டதா என்று பார்த்திருப்பார்கள்.

ரமலானில் பள்ளிவாசலில் ஊற்றும் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிப்போகும் இந்துப் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஆடியில் மாரியம்மன் கோவிலில் கூழ் வார்க்கும்போதும் வரிசையில் யார் என்று பார்ப்பதில்லை. இவற்றை மத நல்லிணக்கம் என்று அழைப்பதுகூடக் கொஞ்சம் அதிகப்படி. வாளியோடு வருகிற பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாது.

அன்று தருமச்சாலையில் கடைசிப் பந்தி முடியும்வரை இருந்தேன். பரிமாறிய அம்மாள் கை கழுவிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எதிர் வரிசையில் தட்டோடு உட்கார்ந்தார். என் பக்கத்தில் உண்ட அந்த மூன்று இளைஞர்களில் ஒருவன் எழுந்து போய் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான். காலையிலிருந்து அவன் அங்கே கேட்ட தமிழ் ஒரே ஒரு வாக்கியம்தான். அதையே தடுமாறிச் சொன்னான்.

“இன்னும் கொஞ்சம் வைக்கவா?”